கிராணி தராசும் கேபிஐயும்

வா தம்பி, உக்காரு. ஈப்போவுல கண்ணாடிக் கட்டடத்துல வேலையாமே? காலையில எல்லாரும் வட்டமா நின்னு, நேத்து என்ன கிழிச்சோம், இன்னைக்கு என்ன கிழிக்கப்போறோம்னு ஒப்பிக்கணுமாம். உக்காரக்கூட விடமாட்டாங்களாமே? புது முறைன்னு பெருமை வேற!

சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்துல உன் பாட்டி இருட்டோட எந்திரிச்சுப் பெரட்டுக்கு நின்னவ. கங்காணி தலை எண்ணுவாரு, கிராணி பேர் எழுதுவாரு, தொரை மொறைச்சுட்டுப் போவாரு. முடிஞ்சுது. உளியை எடுத்துக்கிட்டு நெரைக்குப் போயிடலாம். ஒங்களுக்கு முக்கா மணி நேரமாவுதாமே?

கங்காணிக்கு அப்ப தலைக்காசு. எத்தனை ஆளு வேலைக்கு எறங்குதோ அத்தனைக்கும் காசு. அப்புறம் கேக்கணுமா? காய்ச்சல்ல கெடக்குறவனையும் லயத்துலேருந்து கெளப்பிக் கொண்டாந்துருவாரு. 1938-ல இந்திய சர்க்கார் தடை போட, கங்காணி அங்கேருந்து ஆள் புடிச்சுட்டு வர்றது நின்னுச்சு. தலை எண்ணுற புத்தி நின்னுச்சா? போன மாசம் ஜொரத்தோட ஸூம்ல மூஞ்சி காட்டுனது யாரு?

டெய்லர்னு ஒரு அமெரிக்காக்காரரு 1911-ல புத்தகம் போட்டாரு. நாளைக்கு 12.5 டன் இரும்பு சுமந்தவனை, கடிகாரத்தை வெச்சு எப்பத் தூக்கணும், எப்ப உக்காரணும்னு சொல்லியே 47.5 டன் சுமக்க வெச்சேன்னு அவரே எழுதியிருக்காரு. கூலி? 1.15 டாலர் இருந்தது 1.85 ஆச்சு. நீதான் படிச்ச புள்ளயாச்சே, கணக்குப் போடு. இதுக்குப் பேரு விஞ்ஞானம்!

அப்புறம் சிகாகோ பக்கம் ஹாதார்ன் ஆலையில 1924-லேருந்து ஆராய்ச்சி. வெளக்கைக் கூட்டுனா வேலை கூடுச்சாம், கொறைச்சாலும் கூடுச்சாம். பக்கத்துல நின்னு கவனிச்சதாலன்னு பின்னால சொன்னாங்க. அடப்பாவிகளா, தொரை வர்றாருன்னு தெரிஞ்சா உளி தானாப் பதமா எறங்கும். எங்க ஆயாக்கொட்டகைப் புள்ளைங்களைக் கேட்டிருந்தாச் சொல்லியிருக்குமே!

பால் ஸ்டோருக்கு வருவோம். அங்கதான் சமாச்சாரமே. கிராணி தராசுல எடை கூடுனாக் காசு கூடும்னாங்க. வாளியில கொஞ்சம் தண்ணி சேந்துச்சு. எப்படிச் சேந்துச்சா? மழை பேஞ்சிருக்கும்பா, விடு. கம்பெனி சும்மா இருக்குமா? மெட்ரோலாக்னு ஒரு கண்ணாடிக் குழாயைப் பால்ல மெதக்க விட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு பாத்துச்சு. சரின்னு ஒட்டுப்பால்ல மண்ணு ஏறுச்சு. அதைப் பிச்சுப் பாக்க ஒரு ஆளு. அந்த ஆளைப் பாக்க ஒரு மண்டோரு. இவங்க ரெண்டு பேரும் ஒரு மங்கு பாலு எறக்குனாங்களா?

இன்னும் கேளு. எடைக்கு ஆசைப்பட்டு ஆழமா வெட்டுனா அன்னைக்குப் பாலு பொங்கும். ஆனாக் காயம்பட்ட பட்டை திரும்ப வளர்றப்ப முண்டும் முடிச்சுமாத்தான் வரும். அதுல உளி ஓடாது. தராசுக்கு எடை தெரியும், பட்டை தெரியுமா? அதுக்கு வயசான மண்டோரு ஒருத்தர் மரத்தைத் தடவிப் பாக்கணும்.

2009-ல நம்ம மந்திரிமாருக்கே கேபிஐன்னு மார்க்குப் போடுற முறை வந்துருச்சு, உன்னை விடுவாங்களா? நாளைக்கு எத்தனை போன் எடுத்தேன்னுதான் உனக்கு மார்க்காமே. அதான் கெழவிங்க வெவரம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள லைன் கட்டாவுதா? மழை பேஞ்சிருக்கும், இல்ல?

அடுத்த வாரம் பங்கோர்ல டீம் பில்டிங்னு சொன்னியே. கயிறு இழுக்கணுமாம், கண்ணைக் கட்டிக்கிட்டுப் பின்னால சாயணுமாம், கூட்டாளி தாங்கிப் புடிப்பானாம். சம்பளம் ஏத்தச் சொல்லி எல்லாரும் சேந்து ஒரு கடுதாசி குடுத்துப் பாருங்க, எவன் தாங்குறான், எவன் நழுவுறான்னு அன்னைக்கே தெரிஞ்சுரும். செலவும் மிச்சம்.

சரி, போயிட்டு வா. வர்றப்ப லூமுட்டுல நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ வாங்கியா. காசா? உங்க மேனேஜர் போனஸ் குடுக்குற அன்னைக்குக் கண்டிப்பாத் தந்துர்றேன்.