டேன் முப்பது தாத்தா

மற்ற ஊர்ப் பெரியவர்கள் எதிர்ப்படும் பிள்ளைகளிடம் "சாப்டியாப்பா?" என்று கேட்பார்கள். அம்பத்தூர், கொரட்டூர், திருமுல்லைவாயல் பக்கம் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார், "டேன் முப்பது எவ்ளோடா?" என்று கேட்பார். பையன் கையில் பால் பாக்கெட் சொட்டிக்கொண்டிருக்கும். பதில் சொல்லாமல் கடக்க முடியாது. சொன்னாலும் கடக்க முடியாது. "ஒன் பை ரூட் த்ரீ தாத்தா" என்று நகரப் பார்த்தால், "கீழ ரூட்டை விட்டுட்டுப் போறியே, அதை யாரு எடுக்கறது?" என்பார். அந்த ரூட்டை மேலே ஏற்றி, கீழே மூன்றைப் போட்டு முடிப்பதற்குள் வீட்டில் டிகாக்‌ஷன் ஆறியிருக்கும்.

இவரை ரிட்டையரான வாத்தியார் என்று நினைத்துவிடக் கூடாது. கணக்கு வாத்தியார்கள் ரிட்டையரானதும் கணக்கை விட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். இவர் டூல் ரூம் ஆள். 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ், 1961-ல் ஆவடி டேங்க் ஃபேக்டரி, 1964-ல் அம்பத்தூர் எஸ்டேட் என்று வரிசையாக வந்து, இந்தப் பக்கம் முழுக்க லேத்துச் சத்தமாக இருந்த காலத்தில் ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாக நுழைந்தவர். நமக்கெல்லாம் சைன், காஸ் பத்தாம் வகுப்போடு ஒழிந்த சனியன். அவருக்கு அதுதான் சம்பளம், போனஸ், பெண் கல்யாணம் எல்லாம்.

சைன் பார் என்று ஒன்று உண்டு. பட்டை எஃகு, இரண்டு முனையிலும் ஓர் உருளை. உருளைகளுக்கு நடுவே 200 மில்லிமீட்டர். அதை ஐந்து டிகிரி சாய்க்க வேண்டுமென்றால் 200-ஐ சைன் ஐந்தால் பெருக்கி, 17.431 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு பக்கத்து உருளையின் கீழே ஸ்லிப் கேஜ் அடுக்க வேண்டும். "1.001, 1.43, 5, 10. கூட்டிப் பாரு" என்பார், பேனா இல்லாமல், லாக் புத்தகம் இல்லாமல், சில நாள் கண்ணாடியும் இல்லாமல். கூட்டிப் பார்த்தால் சரியாக வந்து தொலைக்கும். டேப்பர் திருப்ப டர்னர் போட்ட கணக்கும் வாயிலேயே நிற்கும்: பெரிய விட்டத்தில் சின்ன விட்டத்தைக் கழி, நீளத்தின் இரு மடங்கால் வகு, வருவது பாதிக் கோணத்தின் டேன். அதைச் சொல்லும்போது வலது கை தானாகவே ஒரு கைப்பிடியைச் சுற்றும். ரிட்டையரானது கைக்கு இன்னும் தெரியாது.

ஆகவே பாடப் புத்தகத்து முக்கோணவியல் அவருக்குப் பிடிப்பதில்லை. கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்று இரண்டு கப்பல்களை இறக்கக்கோணத்தில் பார்க்கும் மனிதன்மேல் அவருக்குத் தனிக் கோபம். "பூந்தமல்லியில ஏதுடா கப்பல்? செம்பரம்பாக்கத்துல விட்டிருக்கானா?" கணக்கை உள்ளூருக்கு மாற்றிவிடுவார். கலங்கரை விளக்கம் தண்ணீர் டேங்க் ஆகும், கப்பல் ஷேர் ஆட்டோ ஆகும். அதோடு விட்டாலும் பரவாயில்லை. ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியைப் பிடுங்கி, அதில் இளநீர் ஸ்ட்ராவை ஒட்டி, நூலில் வாஷர் கட்டித் தொங்கவிட்டு, மொட்டை மாடிக்குப் போய் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றக்கோணம் பார்ப்பார். எதிர்மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்த அம்மாள் இதைத் தவறாக எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்ட சம்பவங்கள் உண்டு. கடைசியில் "டேங்க் இருபத்தாறு மீட்டர்" என்று தீர்ப்பு வரும். யாரும் ஏறி டேப் பிடிக்கப் போவதில்லை என்பதால் இந்த வகை விடைகள் தப்பியதே இல்லை.

பரங்கிமலைப் பக்கம் போனால் இன்னும் ஆபத்து. 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அங்கேதான் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்குச் சங்கிலி போட்டு ஓர் அடிக்கோட்டை அளந்தார். அந்த ஒரு பக்கத்தையும் கோணங்களையும் வைத்து முக்கோணம்மேல் முக்கோணமாக நாட்டையே அளக்கத் தொடங்கினார்கள். மவுண்ட்–பூந்தமல்லி ரோட்டு நெரிசலில் பஸ் நின்றுவிட்டால் இந்தக் கதை தொடங்கும். பஸ் கிளம்பினாலும் நிற்காது. லாம்டனின் தியோடலைட் அரை டன் எடை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது மோதிச் சேதமாகிவிட்டது. இந்த இடத்தில் தாத்தாவின் குரல் உடையும். "வாரக்கணக்கா உக்காந்து அவரே தட்டித் தட்டிச் சரிபண்ணாரும்மா. ஃபிட்டர்னா அவன் ஃபிட்டர்!" சொந்த மச்சான் சாவுக்குக்கூட அவர் இப்படிக் கலங்கியதில்லை என்று பாட்டி சொல்கிறார்.

அவருடைய பரம எதிரி ஸ்டெப் மார்க். மூன்று மாறிச் சமன்பாட்டை ஒரு பார்வை பார்த்து, "இசட் ரெண்டு, ஒய் மூணு, எக்ஸ் ஒண்ணு. போட்டுப் பாரு, சரியா வரும்" என்பார். கணக்குக் கேட்க வந்த பத்தாம் வகுப்புப் பெண் அப்படியே எழுதிக்கொண்டு போய் ஐந்துக்கு ஒன்று வாங்கி வரும்.

"சார், மிஸ் சொல்லிக்குடுத்த மாதிரியே நீங்களும் போட்டீங்கன்னா..." என்று அம்மா இழுப்பார்.

"விடை சரியா, தப்பா?"

"சரிதான் சார்."

"மெஷின் ஸ்டெப் பாக்காதும்மா. சைஸ்தான் பாக்கும். ராமானுஜன் நோட்டுல பாருங்க, பாதிக்கு மேல வெறும் விடைதான். ப்ரூஃப் ஏது?"

"அதான் எஃப்.ஏ. பாஸாகலை போல."

"கணக்குல நல்ல மார்க்கும்மா! மத்ததுலதான் போச்சு!" அன்று முழுக்க அந்த வீட்டில் அவர் காபி குடிக்க மாட்டார்.

வீட்டில் பழுப்பு அட்டை போட்ட லோனியின் முக்கோணவியல் ஒன்று இருக்கிறது. ராமானுஜன் பள்ளி நாளில் கரைத்துக் குடித்த புத்தகம். 1985-ல் எரிந்துபோவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியது. சொத்தை மகனுக்கும் மகளுக்கும் பிரித்து எழுதியவர், இதை யாருக்கும் எழுதவில்லை.

இத்தனைக்கும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை என்று எல்லோரும் நம்புகிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. அவருக்கு வேண்டியது கணக்கு. பிள்ளை, அதைக் கொண்டுவந்து கொடுக்கும் கூரியர். போராடிப் போராடி ஒரு நாள் அந்தப் பெண் தானாகவே ஒரு முற்றொருமையை நிரூபித்து, "தாத்தா, எல்.எச்.எஸ். ஈக்வல் டு ஆர்.எச்.எஸ்.!" என்று ஓடி வந்து காட்டியது. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஷிஃப்டுக்கு வந்தவனைப் பார்த்து "உன் மெஷின்ல வேற ஆளைப் போட்டாச்சு" என்று சூப்பர்வைசர் சொன்ன முகம். "ம். இதுக்கு இன்னொரு வழி இருக்கு" என்றார். இருந்தது, இரண்டு பக்கத்துக்கு.

போட்டோ எடுத்தால் விடை சொல்லும் மொபைல் ஆப்பை மகன் காட்டிப் பார்த்தான். ஒரு மாலை முழுக்க அதைப் பரீட்சித்தார். எல்லாம் சரியாக வந்தது. ஸ்டெப்பும் வந்தது. "நல்லாத்தான் போடுது" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா ஸ்டெப் போடுதே!"

பப்ளிக் எக்ஸாம் கணக்குப் பரீட்சையன்று பள்ளிக்கூட வாசலில் பெற்றோர்களுக்கு முன்னால் நிற்பவர் அவர்தான். எப்படி எழுதினாய் என்ற கேள்வியெல்லாம் கிடையாது. கேள்வித்தாளை வாங்கிக்கொண்டு, அங்கேயே நிறுத்தியிருக்கும் யாருடைய பைக் மேலோ சாய்ந்து, ஒரு மார்க் 14-ஐயும் மனத்திலேயே முடிப்பார். இரண்டு மார்க்கெல்லாம் ஆட்டோவில். 28-ஆவது கட்டாயக் கேள்வி வாசற்படியில். சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் ஐந்து மார்க்.

இரவு ஒன்பதரைக்கு அந்தப் பெண் வீட்டுக் காலிங் பெல் அடிக்கும். அம்மா கதவைப் பாதி திறப்பார்.

"42-க்கு அது போட்ட வழி வேண்டாம்மா, ட்ரிக்னாமெட்ரில நாலே வரி. கூப்பிடுங்க."

"தூங்கிட்டா சார். அடுத்தது சயின்ஸ் வேற இருக்கு."

"பரவால்ல, எழுப்பாதீங்க" என்று செருப்பைக் கழற்றுவார். "நீங்க உக்காருங்க. பேனா இருக்கா?"