வில்லங்கவியல்: வீடு வாங்குவோர் வினாக்கள் குறித்த விரிவான சுருக்கம்

தமிழ்நாட்டில் வீடு வாங்குவோர் எழுப்பும் சட்ட வினாக்கள் ஐவகைப்படும். வில்லங்கம், பட்டா, பவர், செலவு, எல்லை என்க. ‘வாஸ்து எங்ஙனம்?’ எனும் ஆறாவது உண்டே எனின், அது சட்டத்தின்பாற் படாது, மாமியாரின்பாற் படும். ஆதலின் விடப்பட்டது.

1. வில்லங்க வினா. ‘ஈசி போட்டுப் பாத்தாச்சா?’ என்பது இதன் வாய்பாடு. முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்து, அடமானம் ஏதும் இல்லையென்று கண்டதும் அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்புவது மரபு (பெரியப்பா வாய்மொழி, சாய்வு நாற்காலிப் பதிப்பு). அற்றன்று. என்னை? அச்சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். உயிலைப் பதிந்தே தீரவேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்லவில்லை. ஆகவே தாத்தா பீரோவில் மடித்து வைத்த உயிலும், பாகம் கேட்டு வரப்போகும் தங்கச்சியும் ஈசியில் தென்படுவதில்லை.

2. பட்டா வினா. பத்திரம் பதிவுத்துறையின் பிள்ளை. பட்டா வருவாய்த்துறையின் பிள்ளை. பட்டா மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. எனில் பட்டா வேண்டாமா? வேண்டும். இரண்டிலும் சர்வே எண்ணும் உட்பிரிவும் ஒன்றுதானா என்று ஒப்புநோக்கவும் வேண்டும். ‘அதெல்லாம் கரெக்டா இருக்கும் சார்’ என்பதே இதற்குக் கிடைத்துள்ள ஒரே உரை (தரகர் வாக்கு, பைக்கில் போகையில் அருளியது; பாதி காற்றோடு போயிற்று).

3. பவர் வினா. பவரை, அதாவது பொது அதிகாரப் பத்திரத்தை, மட்டும் கையில் வாங்கிக்கொண்டால் வீடு நமதாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்த்துவிட்டது.

4. செலவு வினா. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 விழுக்காடு. விலை 50 லட்சத்தைத் தொட்டால், வாங்குபவரே 1 விழுக்காடு வரி பிடித்துக் கட்டவேண்டும். ‘மத்த செலவு’ என்று ஒன்று உண்டு. அதற்கு ரசீது கிடையாது. ஆகவே ஆய்வும் கிடையாது.

5. எல்லை வினா. இதுவே இத்துறையின் இமயம். பத்திரத்தின் கடைசியில் ‘சொத்து விவரம்’ எனும் பகுதி வரும். ‘வேப்பமரத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு’ எனும் போக்கில் அது நான்கெல்லை பேசும். இஃது என் சொல்லியவாறோ எனின், மனைக்குத் தெற்கே வாய்க்கால் என்பர் ஒரு சாரார். வாய்க்காலுக்குத் தெற்கே மனை என்பர் மற்றொரு சாரார். பின்னவர் கூற்றே சரி. ஆனால் முன்னவர்தாம் ஏற்கெனவே வேலி போட்டவர்.

அன்றியும், வேப்பமரம் புயலில் விழுந்து வெகுகாலம் ஆயிற்று. வாய்க்கால் இப்போது தார் ரோடு. அற்றேல், பத்திரத்தில் இன்னும் ஏன் நிற்கின்றன? பழைய பத்திரத்தைப் பார்த்துப் புதியது எழுதப்படுவதால் என்க. மரம் ‘இருந்த’ இடமா, ‘இருக்கும்’ இடமா எனும் பூசலை இன்றளவும் தீர்த்தாரில்லை (காண்க: பத்திர எழுத்தர் மரபு, கார்பன் படி, மூன்றாம் தாளில் மை மங்கிய இடம்; அதற்கு ஜெராக்ஸ் கடைக்காரர் கண்ட சிற்றுரை; அச்சிற்றுரைக்கு அவர் மச்சான் எழுதி, ஸ்டாம்ப் பேப்பர் விலையேற்றத்தால் இடையில் நிறுத்திய மறுப்பு).

மரம்தானே, போகட்டும் எனலாமோ? எனலாகாது. பத்திரத்தில் அளவும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லையே மேலோங்கும் என்பது நீதிமன்ற நெறி. 1,200 சதுர அடி என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதியிருந்தும், இல்லாத மரம் வென்றுவிடக்கூடும்.

பக்கத்து மனையின் பத்திரத்தையேனும் பார்ப்போம் எனின், அதன் எல்லை நம் மனை. நம் எல்லையோ அந்த மனை. ஒன்று மற்றதைச் சுட்டும். மற்றது இதைச் சுட்டும். நிலத்தில் சங்கிலி போட்டவர் ஒருவரும் இலர். இம்முறை நம் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதன்று. அங்கே இதற்கு மேற்கோளாட்சி என்று பெயர். பதவி உயர்வும் உண்டு.

பணம் கட்டி சர்வேயரை வரவழைத்து, புலப்படத்தை வைத்து அளந்து, கல் நட்டுவிட்டால் பூசல் பெரும்பாலும் அடங்கும் என்று ஒரு கருத்து உளது. அது ஆராய்ச்சிக்கு இடமின்றிச் செய்துவிடுவதால் அறிஞர் ஏலார்.

முடிபு. ‘ரிஜிஸ்டர் ஆயிடுச்சே, இனி என்ன?’ என்று வினவுவார் உளர். விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்பது சார்பதிவாளர் வேலை அன்று என 2025இல் உச்ச நீதிமன்றமே கூறியது. எனவே மூலப்பத்திரத்தை வாங்குபவர் தாமே படிக்கவேண்டும்; புரியாவிடில் நல்ல வக்கீலிடம் காட்டிச் சட்டக் கருத்து பெறவேண்டும். விற்பவரின் வக்கீல் நல்லவராயினும் விற்பவருக்கே நல்லவர்.

இக்கட்டுரைக்கு நான்கெல்லையாவது: எம் ஊகத்துக்கு வடக்கு, பிறர் உரைகளுக்குத் தெற்கு, அடிக்குறிப்புக்கு மேற்கு, ஆதாரத்துக்கு வெகுதூரம் கிழக்கு. இதற்குட்பட்ட கருத்துகளில் பின்னிட்டு யாதொரு வில்லங்கம் ஏற்பட்டாலும், வாசகரே முன்னின்று தம் சொந்தச் செலவில் தீர்த்துக்கொள்ள வேண்டியது.