ஒரு பீட்டரின் டாப் டென்

டிசம்பர் வந்தால் மெட்ராஸில் இரண்டு கட்சி. சபா வாசலில் நின்று, இந்த வருஷம் யாருடைய தோடி தேவலை என்று சண்டை போடுகிறவர்கள் ஒரு கட்சி. சபா கேன்டீனில் கீரை வடைக்காக மட்டும் வரிசையில் நிற்பவர்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டாவதில் உறுப்பினராக இருந்துகொண்டே, மூன்றாவதாக ஒன்றைத் தனி ஆளாக நடத்தினேன். ‘இவ்வாண்டின் சிறந்த ராப், ராக் ஆல்பங்கள் பத்து’ என்று கோடு போட்ட நோட்டில் எழுதி, கல்லூரி மரத்தடியில் உரக்க வாசிப்பேன். கேட்க நாலு பேர். அதில் ஒருவன் டீக்காக வந்தவன்.

முதல் பட்டியல் 1991-க்கானது. பட்டியல் போட ஆரம்பிக்க அதைவிட வாட்டமான வருஷம் வாய்க்காது. செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை. அந்த ஒரே நாளில் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’, எ ட்ரைப் கால்டு க்வெஸ்டின் ‘த லோ எண்ட் தியரி’, ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் ‘பிளட் ஷுகர் செக்ஸ் மேஜிக்’ மூன்றும் அமெரிக்கக் கடைகளில் இறங்கின. (மூன்றாவதன் பெயரை நோட்டில் ‘பி.எஸ்.எஸ்.எம்.’ என்றுதான் எழுதினேன். அம்மா புரட்டிப் பார்க்கும் நோட்டு.) அதற்கு ஒரு வாரம் முன்னால் கன்ஸ் அண்ட் ரோஸஸ் ஒரே நாளில் இரண்டு ஆல்பம் விட்டார்கள். ஆகஸ்டில் மெட்டாலிகாவின் கறுப்பு அட்டை, பேர்ல் ஜாமின் ‘டென்’. அக்டோபரில் ஐஸ் க்யூபின் ‘டெத் சர்ட்டிஃபிகேட்’.

இதில் எதுவும் அந்தச் செவ்வாய்க்கிழமை மெட்ராஸுக்கு வந்து சேரவில்லை. மாடிக்கு மாடி ஒயர் இழுத்த கேபிள்காரர் புண்ணியத்தில் எம்டிவியில் தலையும் வாலுமாகச் சில பாட்டுகளைப் பார்த்தோம். முழு ஆல்பங்கள் வர அடுத்த வருஷம் பாதி ஓடிவிட்டது. ஆகவே 1991-ன் சிறந்த பத்தை நான் 1992 டிசம்பரில்தான் வெளியிட்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. மற்றவர்களுக்கு 1991 வரவே இல்லை. இன்னொரு சங்கதியும் உண்டு: அந்த வருஷத்து ஆல்பங்களில் நான் முழுசாகக் கேட்டதே பத்துதான். விமர்சகனுக்கு இதைவிடச் சௌகரியமான நிலை கிடையாது. விட்டுப்போனது என்று யாரும் குறை சொல்ல முடியாது, கேட்டதெல்லாம் சிறந்ததுதான்.

வந்த வழி, தெருமுனை ரெக்கார்டிங் சென்டர். வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ கொண்டுவந்த சி.டி. ஒன்று கடைக்கார அண்ணன் கைக்கு வந்துவிட்டால் போதும், பேட்டை முழுக்கப் பரவிவிடும். டிடிகே 90 கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிஷம், ஒரு பக்கம் ஒரு ஆல்பம் என்பது கணக்கு. ‘நெவர்மைண்ட்’ சுமார் 42 நிமிஷம், அச்சாகப் பொருந்தியது. ‘த லோ எண்ட் தியரி’யோ 48. அதன் கடைசிப் பாட்டு ‘சினாரியோ’ ஆரம்பித்துச் சூடு பிடிக்கும் நேரத்தில் டேப் தீர்ந்து ‘டக்’ என்று நிற்கும். அந்தப் பாட்டின் கடைசியில்தான் பஸ்டா ரைம்ஸ் என்ற பையன் வந்து, மற்ற எல்லோரையும் ஓரமாக உட்காரவைத்துவிட்டுப் போகிறான். அவனை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய இடம் அது. எனக்கு அறிமுகமாகாத இடமும் அதுதான். பாட்டு அப்படித் திடீரென அறுவதுதான் ராப்பின் அழகு என்று மரத்தடியில் ஒரு விரிவுரையே நிகழ்த்தினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த வருஷத் தீபாவளி நவம்பர் 5. ‘தளபதி’, ‘குணா’ இரண்டும் அன்று ரிலீஸ். அதற்கு முந்தின நாள் லண்டன் பக்கம் மை பிளடி வேலன்டைன் என்ற குழு ‘லவ்லெஸ்’ ஆல்பத்தை வெளியிட்டிருந்தது. அது எங்கள் கடைக்கு வந்தபோது அண்ணன் இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, “தம்பி, டேப் இழுக்குது. ஹெட்டைத் துடைச்சிட்டு வேற போட்டுத் தரேன், காசு வேணாம்” என்றார். கிடாரின் கம்பியைக் கைப்பிடியால் வளைத்துக்கொண்டே வாசிப்பது அந்தக் குழுவின் கெவின் ஷீல்ட்ஸின் பாணி. சுருதி உருகி ஓடுவதுதான் அந்த ஆல்பமே. மறுபடி போட்டார், மறுபடியும் இழுத்தது. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார். இசை விமர்சனம் என்றால் எனக்கு இன்றைக்கும் அதுதான்: கேட்டவன் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவேண்டும்.

ராப்பை அன்று பட்டியலில் சேர்க்கத் துணிச்சல் வேண்டும். ராக் கேட்கிற பையன்கள் தாங்கள் ஒரு படி மேல் என்று நம்பிய காலம். “பேசறதெல்லாம் பாட்டாடா?” என்பது அவர்களுடைய ஒரே கேள்வி. ‘நெவர்மைண்ட்’டில் கர்ட் கோபேன் என்ன சொல்கிறார் என்று அமெரிக்காவுக்கே விளங்கவில்லை, அதையே கிண்டல் செய்து 1992-ல் விய்ர்ட் ஆல் யாங்கோவிக் ஒரு பாட்டு போட்டார். அது மட்டும் பாட்டாம். தெளிவாகச் சொல்கிறவன் பேச்சாளனாம். பப்ளிக் எனிமியும் ஆந்த்ராக்ஸும் சேர்ந்து ‘பிரிங் த நாய்ஸ்’ பாட்டை அந்த வருஷம் மறுபடி செய்திருந்ததைக் காட்டி, பாருங்கடா, உங்க ஆளே வந்து சேர்ந்துட்டான் என்றேன். கிடார் வருகிற இடத்தை மட்டும் ரிவைண்ட் செய்து கேட்டார்கள். வீட்டில் தாத்தா, பப்ளிக் எனிமியின் சக் டி குரலைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, “இவன் எதுக்குடா இவ்வளவு கோவப்படறான்?” என்றார். சக் டிக்குக் கிடைத்த ஆகச் சரியான வரவேற்பு அந்த வருஷம் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் கிடைத்தது.

1992-ல் பாபா சேகல் வந்தார், வெனிலா ஐஸின் பாட்டைத் ‘தண்டா தண்டா பானி’ ஆக்கினார். வெனிலா ஐஸ் அதன் மெட்டைக் குயின், டேவிட் போவியிடமிருந்து எடுத்திருந்தார் என்பது தனிக் கதை. 1994-ல் ‘காதலன்’, ‘பேட்டை ராப்’. அதற்குப் பிறகு ராப் என்றால் என்ன என்று நான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஊருக்கே தெரிந்துபோன விஷயத்தில் பீட்டர் விடுவது எப்படி?

திருட்டு என்ற பேச்சும் அந்த வருஷத்தோடுதான் சேரும். 1991 டிசம்பர் 17 அன்று நியூயார்க் நீதிமன்றம் ஒன்று பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கில்பர்ட் ஓ’சலிவனின் பழைய பாட்டிலிருந்து அனுமதி இல்லாமல் ஒரு துண்டை எடுத்துப் பயன்படுத்தியிருந்தார். களவு செய்யாதே என்ற பைபிள் கட்டளையோடு நீதிபதி தீர்ப்பை ஆரம்பித்தார். ஆல்பத்தைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து மார்க்கி அடுத்த ஆல்பத்துக்கு ‘ஆல் சாம்பிள்ஸ் கிளியர்ட்’, அதாவது எல்லாத் துண்டுக்கும் அனுமதி வாங்கியாச்சு, என்று பெயர் வைத்தார். ராப் எப்படி இசையமைக்கப்படும் என்பதையே மாற்றிய வழக்கு அது. ஒரு துண்டு எடுத்தது எவ்வளவு பெரிய குற்றம் என்று முழு ஆல்பத்தையே காப்பியடித்த கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் ஆழ்ந்து விவாதித்தோம்.

இப்போது 2024-க்கு வருவோம். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வெளியாகின்றன. பல ஆல்பங்கள் அந்தந்த ஊர் நள்ளிரவில் திறக்கின்றன. அதாவது நியூயார்க்காரன் வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும்போதே நான் வெள்ளிக்கிழமைக்குள் போய்விடுகிறேன். ஒரு வருஷம் பின்தங்கியிருந்தவன் அரை நாள் முன்னேறிவிட்டேன். அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன் என்பது மட்டும்தான் சிக்கல்.

கென்ட்ரிக் லாமர் நவம்பர் 22 அன்று எந்த அறிவிப்பும் இல்லாமல் ‘ஜிஎன்எக்ஸ்’ ஆல்பத்தை விட்டார். காலையில் மகள் சொல்லித்தான் தெரியும். அவர் பிறந்த 1987-ல் ப்யூக் கம்பெனி 547 மட்டும் தயாரித்த ஒரு காரின் பெயர் அது என்று நான் தெரிந்துவைத்திருந்ததைச் சொன்னேன். “அது எல்லாருக்கும் தெரியும்பா” என்றாள். ட்ரேக்குக்கும் அவருக்கும் அந்த வருஷம் நடந்த சண்டையை அவள்தான் எனக்கு வரிவரியாக உரை சொல்லி விளக்கினாள். மே மாதம் ஒரு வாரம் கண் அசந்தால் நாலு பாட்டு பின்தங்கிவிடும்; என்னால் ஓட முடியவில்லை. அன்று புரியாத வரிகளுக்கு நாங்களே அர்த்தம் கற்பித்துக்கொண்டோம். இன்று ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்பு இருக்கிறது, திருக்குறளுக்குக்கூட இத்தனை உரை இருக்குமா தெரியாது.

புதியதைத்தான் கேட்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, என் 2024 பட்டியலைப் பார்த்தால் கல்லூரி ஆண்டு விழாப் பத்திரிகை போல இருக்கிறது. பேர்ல் ஜாம், ‘டார்க் மேட்டர்’. ஐஸ் க்யூப், ‘மேன் டவுன்’. எல்எல் கூல் ஜேயின் புது ஆல்பத்துக்கு இசை, அதே ட்ரைப் கால்டு க்வெஸ்டின் க்யூ-டிப். த க்யூர் 16 வருஷம் கழித்து ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ கொண்டுவந்தார்கள். ராபர்ட் ஸ்மித்துக்கு அப்போது 65. முதல் பாட்டில் அவர் வாயைத் திறக்கவே மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. “பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?” என்றாள் மகள். ஆரம்பிச்சாச்சு என்றேன். நம்பவில்லை. அந்த மூன்று நிமிஷத்தைப் பொறுத்துக் கேட்டவர்களுக்கு, வயதாவதைப் பற்றி இவ்வளவு கம்பீரமான ஆல்பம் ராக்கில் அபூர்வம் என்று தெரியும். டிரம்ஸ் ஒவ்வொன்றும் வாசலில் யாரோ நிற்பதுபோல் விழுகிறது.

அந்த வருஷத்துச் சுவாரசியமான இரண்டு ராக் வெளியீடுகள் என் பழைய ரெக்கார்டிங் சென்டர் வழியிலேயே வந்தன. ஜூலை 19 அன்று ஜாக் வைட்டின் தேர்ட் மேன் கடைகளில் ஏதாவது வாங்கியவர்களின் பைக்குள், பெயரே இல்லாத வெள்ளை உறை போட்ட ஒரு இசைத்தட்டை இலவசமாகப் போட்டு அனுப்பினார்கள். காப்பி எடுத்துப் பரப்புங்கள் என்று கம்பெனியே சொன்னது. எங்கள் அண்ணன் இருபது வருஷம் ஒளிந்து ஒளிந்து செய்ததை இப்போது விளம்பர உத்தி என்கிறார்கள். இரண்டாவது, சிண்டி லீயின் ‘டைமண்ட் ஜூபிலி’. 32 பாட்டு, இரண்டு மணி நேரம். பெரிய செயலிகள் எதிலும் அப்போது கிடையாது; யூடியூபில் ஒரே நீள வீடியோ, இல்லையென்றால் ஜியோசிட்டீஸ் பக்கம் ஒன்றிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். தேடி அலைந்துதான் கேட்டேன். அதனாலேயே இரண்டு இடம் கூடப் போட்டேனோ என்று சந்தேகம்.

மகளின் சிபாரிசில் வந்தவை இரண்டு. ஒன்று டோச்சியின் ‘அலிகேட்டர் பைட்ஸ் நெவர் ஹீல்’. அதற்கு அடுத்த பிப்ரவரியில் சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. இன்னொன்று ஆல்பம் அல்ல, ஒரே பாட்டு: ஹனுமான்கைண்டின் ‘பிக் டாக்ஸ்’. மலப்புறத்தில் பிறந்து ஹூஸ்டனில் வளர்ந்தவர். பொன்னானியில் மரணக் கிணற்றுக்குள் இறங்கி, சுவரில் பைக்குகள் சுற்ற நடுவில் நின்று ராப் செய்கிறார். அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100-க்குள் அது ஏறியபோது மகள் வீட்டில் ஸ்வீட் கொடுத்தாள். தீவுத்திடல் பொருட்காட்சியில் அதே கிணற்றை நான் நேரில் பார்த்தவன் என்றேன். அந்த ஒரு தகவலுக்குத்தான் மரியாதை கிடைத்தது.

என் முதலிடம் கிம் கோர்டனின் ‘த கலெக்டிவ்’. மார்ச்சில் வந்தபோது அவருக்கு 70. 1990-ல் சோனிக் யூத்தில் இருந்தபோது ‘கூல் திங்’ பாட்டுக்குச் சக் டியைக் கூட்டிவந்தவர் இவர். இப்போது ராப்பரைக் கூப்பிடவில்லை. ட்ராப் இசையின் தரையதிரும் பேஸை நேராக எடுத்து, அதன்மேல் கிடாரைக் கிழித்துப் போட்டு, பயணத்துக்கு எடுத்துவைக்க வேண்டிய சாமான் பட்டியலை வாசிக்கிறார். முதல் பாட்டே அதுதான். பேசுவதெல்லாம் பாட்டா என்ற கேள்விக்கு இத்தனை வருஷம் கழித்து வந்த பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

டிசம்பரில் செயலியும் தன் பங்குக்கு எனக்கொரு பட்டியல் அனுப்பியது. நான் அதிகம் கேட்ட பாட்டு: ‘கண்மணி அன்போடு காதலன்’, ‘குணா’, 1991. அந்தப் பாட்டைப் பயன்படுத்திய ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படம் வந்த பிப்ரவரிக்குப் பிறகு வீட்டில் அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. அடுக்களையில் ஓடியதெல்லாம் என் கணக்கில் ஏறிவிட்டது என்றேன். அனுமதியில்லாமல் பயன்படுத்தினார்கள் என்று மே மாதம் இளையராஜா தரப்பு அந்தப் படக்காரர்களுக்கு நோட்டீஸ் விட்டதையும், பிஸ் மார்க்கியையும் இணைத்து மகளுக்கு ஒரு சின்ன உரை ஆற்றினேன். “அப்பா, நீ 91-லயே இதை லிஸ்ட்ல போட்டிருக்கலாம்” என்றாள். ராப்பும் இல்லை, ராக்கும் இல்லை, விதி விதிதான் என்று சொல்லிவிட்டேன்.

பட்டியலைக் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவன் கட்டை விரல் காட்டினான். இன்னொருவன் பொங்கல் வாழ்த்து அனுப்பினான், டிசம்பர் 28-ல். ராப்பைப் பேச்சு என்று சொன்ன பழைய ராக் பக்தன், இப்போது டாலஸில் இருப்பவன், “பேர்ல் ஜாம் ஏழாவதா? மனுஷனாடா நீ?” என்று ஆரம்பித்து இரவு இரண்டு மணி வரை விடவில்லை. கடைசியில் உடன்பாடு ஆயிற்று: நான் பேர்ல் ஜாமை ஆறாவதுக்கு ஏற்ற வேண்டும், அவன் டோச்சியை முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை கேட்க வேண்டும். நான் ஏற்றிவிட்டேன். அவன், டைம் இல்ல மச்சி என்கிறான்.