தங்கவயலில் மந்திரத் தாயத்து

கேள்வி: என் பேரன் 'ரூன்ஸ்கேப்' என்னும் கணினி விளையாட்டில் தங்கம் வெட்டி, மந்திரத் தாயத்துச் செய்கிறானாம். சுரங்கத்தில் உழைத்த எனக்கு விளங்கவில்லையே?
— ஒரு வாசகர், பாலகாட், கோலார் தங்கவயல்

பதில்: 2001 ஜனவரியில் அவ்விளையாட்டு அவதரித்தது, பிப்ரவரி 28-இல் தங்கள் சுரங்கங்கள் மூடப்பட்டன, ஆகவே குலத்தொழில் இடமாற்றம் பெற்றதென்றே கொள்ளலாம். தாதுவை வெட்டி, உலையிலிட்டுப் பாளமாக்கி, அச்சில் வார்த்து மாணிக்கம் பதித்து, கம்பளி நூலில் கோத்து, ரூன் என்னும் மந்திரக் கற்களில் அக்கினி வகை ஐந்தையும் காஸ்மிக் வகை ஒன்றையும் தியாகம் செய்து மந்திரம் பிரயோகித்தால், வெறும் ஆபரணம் பலம் தரும் தாயத்தாகிவிடும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறைவெடிப்புக்கு அஞ்சி, டன் கணக்கில் கல்லுடைத்து, சயனைடில் கரைத்துச் சில கிராம் பொன் கண்ட தங்கள் பிரயாசை அவனுக்கில்லை; அங்கே ஒரு துண்டுத் தாதுவுக்கு ஒரு முழுப் பாளம் நிச்சயம். தங்கவயல் சுரங்கங்களை அன்று நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியார் இதை அறிந்திருந்தால், கோலார்ப் பக்கம் எட்டியும் பார்த்திருக்கமாட்டார்கள்!