ஓரக்கோட்டுப் பையன்: மாமா பதில்கள்

இந்த வாரத் தபால் முழுக்க ஒரே சங்கதி: அணிக்குப் புதிதாக எடுத்த இளம் விங்கரை எப்படி எடை போடுவது? ஆளுக்கொரு பையனை மனதில் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயர்களை எடுத்துவிட்டேன். பதினெட்டு வயதுப் பிள்ளையை அச்சில் ஏற்றி வறுக்கக் கூடாது. ஆடிக் காட்டியவர்களின் பெயர் மட்டும் கீழே வரும்.

மாமா, விங்கர் என்றால் யார்? ஒரே வரியில் சொல்லவும்.
– பள்ளி மாணவி, கருவடிக்குப்பம்

ஓரக்கோட்டை ஒட்டி நின்றுகொண்டு எதிரணி டிஃபெண்டரின் தூக்கத்தைக் கெடுப்பவன்.

எங்கள் அணியின் புது விங்கர் முதல் இரண்டு ஆட்டத்திலும் சொதப்பினான். தேறுவானா?
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

2017 ஆகஸ்டில் பார்சிலோனா 105 மில்லியன் யூரோ கொட்டி டெம்பெலே என்ற 20 வயது பிரெஞ்சுப் பையனை வாங்கியது. அடுத்த மாதமே தொடைத் தசைநார் கிழிந்து படுத்தார். ‘பணம் போச்சு’ என்று ஊரே ஒப்பாரி வைத்தது.

2025இல் அதே டெம்பெலே பாரிஸ் அணியோடு சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார். அந்த வருஷ பலோன் தோர் விருதும் அவருக்குத்தான். நடுவில் எட்டு வருஷம். நீங்கள் இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுத உட்கார்ந்துவிட்டீர்கள்.

சரி, இரண்டு ஆட்டத்தில் தீர்ப்பு எழுத வேண்டாம் என்கிறீர்கள். எதைத்தான் பார்ப்பது?
– உடற்கல்வி ஆசிரியர், கருவடிக்குப்பம்

கேள்வி கேட்கத் தெரிந்தவர் நீங்கள்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பந்து அவன் காலுக்கு வந்தபின் பார்ப்பது டிக்கெட் வாங்கியவன் வேலை. பந்து வருமுன் பாருங்கள். தலை திரும்புகிறதா? பின்னால் எவன் நிற்கிறான், உள்ளே இடம் எங்கே என்று இரண்டு தடவையாவது எட்டிப் பார்க்கிறானா? பார்க்கிற பையன் பந்தை வாங்கும்போதே அடுத்த அடிக்குத் தயாராக உடம்பைத் திருப்பியிருப்பான். பார்க்காத பையன் வாங்கி, நிறுத்தி, யோசித்து, பறிகொடுப்பான்.

அப்புறம், பறிகொடுத்த அந்த மூன்று நொடி. இடுப்பில் கை வைத்து ரெஃபரியை முறைக்கிறானா, திரும்பி ஓடுகிறானா? எனக்கு இது ஒன்றே பாதி ஜாதகம்.

மீதிப் பாதி 70ஆவது நிமிடத்துக்கு மேல். நுரையீரல் எரியும்போது அவன் போடும் கிராஸ் ஆளைத் தேடிப் போகிறதா, வானத்தைத் தேடிப் போகிறதா? களைத்த காலில் நிற்கும் திறமைதான் நிஜத் திறமை. புத்துணர்ச்சியான காலில் எல்லோரும் மாயாவிதான்.

வேகம் இருந்தால் போதாதா?
– ஆட்டோ ஓட்டுநர், முத்தியால்பேட்டை

போதுமென்றால் ஈசிஆரில் ஓடும் பஸ் டிரைவர்களை அல்லவா முதலில் எடுத்திருப்பார்கள்! வேகத்தை எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவன்தான் விங்கர். நூறு மீட்டர் ஓட்டக்காரனை டிஃபெண்டர் பத்து நிமிடத்தில் படித்துவிடுவான். நின்று கிளம்புகிறவனைப் படிக்கவே முடியாது.

ரீல்ஸில் ஒரு பையனின் டிரிபிளிங் பார்த்தேன். மிரண்டுவிட்டேன்.
– வாசகர், நெல்லித்தோப்பு

30 நொடி ரீல்ஸ். மீதி 89 நிமிடம் 30 நொடியை யார் வெட்டினார்கள் என்று கேளுங்கள்.

நம் தமிழ்ப் பையன்களில் டிராஃப்ட் வழியாக வந்து ஜெயித்த விங்கர் உண்டா?
– வங்கி ஊழியர், முதலியார்பேட்டை

உண்டு. நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்: சென்னைப் பையன் நந்தகுமார் சேகர்.

2017 ஜூலை 23, மும்பை. இந்தியன் சூப்பர் லீகின் (ஐஎஸ்எல்) டிராஃப்ட், அதாவது கிளப்கள் முறை வைத்து வீரர்களைப் பெயர் சொல்லி எடுக்கும் நாள். அன்றைய தலைப்புச் செய்தி 1 கோடியே 10 லட்சத்துக்கு ஜாம்ஷெட்பூர் எடுத்த அனஸ் எடத்தொடிகா. அவர் ஸ்டாப்பர், அதாவது நடுத் தற்காப்பு ஆள். அன்றைக்கு டெல்லி டைனமோஸ் எடுத்த நந்தாவைப் பற்றி யாரும் பெரிதாக மூச்சுவிடவில்லை. 2019இல் அந்த அணியே மூட்டை கட்டிப் புவனேஸ்வரம் போய் ஒடிஷா எஃப்சி ஆனது. பையனும் கூடவே போனார், ஆடினார், பொறுத்தார். 2023 ஏப்ரலில் ஒடிஷா சூப்பர் கப் வென்றது. அதன்பின் ஈஸ்ட் பெங்கால் அழைத்துக்கொண்டது.

2023 ஆகஸ்ட் 12, கொல்கத்தா, டூரண்ட் கோப்பை. உள்ளூர்ப் பரம வைரி மோகன் பகானிடம் தொடர்ந்து எட்டு டெர்பி தோற்றுக் கூனிப்போயிருந்தது ஈஸ்ட் பெங்கால். 60ஆவது நிமிடம். வலப்பக்கம் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி, இடது காலால் வளைத்தார் நந்தா. 1-0. நாலரை வருஷ வெப்பத்தை ஒரு தமிழ்க்கால் தணித்தது.

அதோடு விட்டாரா? அதே தொடரின் அரையிறுதியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டிடம் 2-0 என்று பின்தங்கிக் கிடந்த அணிக்கு, இஞ்சுரி டைமில் சமன் கோல். 2024 ஜனவரியில் சூப்பர் கப் இறுதி. எதிரே பழைய வீடான ஒடிஷா. அங்கேயும் சமன் கோல் அவருடையது. ஈஸ்ட் பெங்கால் 3-2 என்று கோப்பையைத் தூக்கியது.

டிராஃப்டில் பெயர் வாசித்த நாளுக்கும் டெர்பி கோலுக்கும் நடுவில் ஆறு வருஷம். 2018இலேயே ‘இவன் ஆக மாட்டான்’ என்று எழுதியவர்கள் யாராவது இருந்தால், தபால்தலை செலவை நான் தருகிறேன், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் போடட்டும்.

அந்த டிராஃப்ட் இப்போது நடக்கிறதா?
– அதே வங்கி ஊழியர்

இல்லை. ஐஎஸ்எல்லில் 2017தான் கடைசி. இப்போது கிளப்பே தேடிப் பிடித்து ஒப்பந்தம் போடுகிறது. உங்களுக்கு இரண்டு கேள்வி ஆச்சு, வரிசையில் மற்றவர்களும் நிற்கிறார்கள்.

டெல்லி டைனமோஸில் சாங்டேவும் இருந்தாரே?
– கல்லூரி மாணவி, சாரம்

இருந்தார். மிசோரமின் லாலியன்சுவாலா சாங்டே. ஒரு காலத்தில் ஒரே அணியில் நந்தாவும் அவரும் இரண்டு விங்கர்கள்! பின்னாளில் சாங்டே சென்னையின் எஃப்சிக்கு வந்தார். ஓட்டம் அபாரம். ஆனால் கோல் வாயில் தவறவிட்ட வாய்ப்புகளுக்காக ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டதும் உண்டு.

2022இல் மும்பை சிட்டிக்குப் போனார். 2022-23, 2023-24 என்று அடுத்தடுத்து இரண்டு பருவம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த வீரர் விருது. கால் அதே கால். வயது ஏறியது, நிதானம் வந்தது.

மாமா, நான் இருப்பது மெல்பர்ன். இங்கே ஆஸ்திரேலிய ரூல்ஸ் பைத்தியம். எங்கள் அணி டிராஃப்டில் எடுத்த புது ‘விங்’ பையன் முதல் ஆட்டத்தில் 22 முறை பந்தைக் கையாண்டான். நல்லவனா?
– மெல்பர்னில் குடியேறிய முத்தியால்பேட்டைக்காரர்

ஆளுக்குக் கிடைத்தது 22. அணிக்குக் கிடைத்தது என்ன? அதைச் சொல்லவே இல்லையே தம்பி.

நம் ஊர் வாசகர்களுக்காக: அங்கே முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து, ஒரு பக்கம் 18 பேர். நடுக்கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, பக்கத்தில் போனால் 1. பந்தோடு ஓடினால் 15 மீட்டருக்குள் ஒருமுறை தரையில் தட்டியாக வேண்டும். டிராஃப்ட் 1986 முதல் நடக்கிறது. கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் தேர்வு என்பது அடிப்படை. தோற்றவனுக்கு முதல் பந்தி, நல்ல பண்பாடு.

2019இல் வந்த விதிப்படி, நடுவிலிருந்து ஆட்டம் துவங்கும்போது ஆறு பேர் முன்னே, ஆறு பேர் பின்னே, ஆறு பேர் நடுவே. அந்த நடு ஆறில் நாலு பேர் சதுரத்துக்குள் முட்டி மோதுவார்கள். மீதி இரண்டு பேர்தான் விங், ஆளுக்கொரு ஓரம்.

இப்போது உங்கள் பையன். நடுவில் பந்துக்காகக் குவியல் நடக்கும்போது அவனும் பாய்ந்து போய் விழுகிறானா, தன் ஓரத்தைக் காத்து நிற்கிறானா? பதினெட்டு வயதில் நிற்பது கடினம், கை துறுதுறுக்கும். அடுத்தது, தாக்குதலுக்கு ஓடிய அதே வேகத்தில் தற்காப்புக்குத் திரும்பி ஓடுகிறானா? டிராஃப்ட் சோதனையில் 2 கிலோமீட்டர் ஓட்டம் வைப்பதே அதற்குத்தான். கடைசியாக, ஓடிக்கொண்டே உதைத்த பந்து தன் ஆள் மார்புக்குப் போகிறதா? 22இல் 15 அப்படிப் போயிருந்தால் சந்தோஷப்படுங்கள். 15 எதிரிக்குப் போயிருந்தால் அவன் கொடைவள்ளல்.

நார்த் மெல்பர்னின் கீத் கிரெய்க் என்ற விங் வீரர் 1973, 1974 இரண்டு வருஷமும் லீகின் உச்ச விருதான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். ஓரத்தில் நின்றவருக்கு நடு மேடை!

கருவடிக்குப்பத்துக்கும் விங்கருக்கும் என்ன சம்பந்தம், அங்கிருந்து எழுதுகிறீர்களே?
– வாசகர், விழுப்புரம்

புதுச்சேரி வரைபடத்தை எடுங்கள். எங்கள் ஊர் நிற்பது வடக்கு ஓரத்தில். பிறவி விங்கர்! பாரதியாரே குயில் பாட்டு எழுத நடு ஊரை விட்டு எங்கள் பக்கத்துத் தோப்புக்குத்தான் வந்தார்.

பிரெஞ்சுக்காரன் நமக்கு விட்டுப்போன ஆட்டம் எது?
– ஓய்வுபெற்றவர், குருசுக்குப்பம்

பெத்தாங்க். இரும்புக் குண்டை எறிவது. ஓடவே வேண்டாம். அதில் விங்கர் கிடையாது என்பதால் இந்த வாரம் தள்ளுபடி.

இந்தியா–பிரான்ஸ் கால்பந்து நடந்தால் புதுச்சேரிக்காரன் யார் பக்கம்?
– அதே ஓய்வுபெற்றவர், விடாப்பிடியாக

விடாப்பிடிக்குப் பரிசாக ஒரு சரித்திரம்.

1948 லண்டன் ஒலிம்பிக். இந்தியா முதல் ஆட்டத்திலேயே பிரான்ஸை எதிர்கொண்டது. நம் ஆட்கள் பெரும்பாலும் வெறுங்கால். இரண்டு பெனால்டியைத் தவறவிட்டு 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. அன்றைக்குப் புதுச்சேரி முழு பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. கொண்டாடியிருந்தால் மெதுவாகத்தான் கொண்டாடியிருக்க வேண்டும்.

1960 ரோம் ஒலிம்பிக். மறுபடி பிரான்ஸ். இந்தியக் கேப்டன் பி.கே. பானர்ஜி, வலது விங்கர், கோல் போட்டார். ஆட்டம் 1-1. இங்கேதான் ருசி: 1954 நவம்பர் 1இலேயே புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தாச்சு, ஆனால் சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16இல். ஆக அந்த ஆட்டம் நடந்த நாளில் நாம் காகிதத்தில் பிரான்ஸ், நிர்வாகத்தில் இந்தியா. ஸ்கோரும் சமம்.

என் ஓட்டு பானர்ஜிக்கு. இரண்டு வருஷம் கழித்து ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற அணியிலும் அவர் இருந்தார். விங்கருக்கு ஓட்டுப் போட்டால் வீண் போகாது.

இந்திய கிளப்களில் உள்ளூர்ப் பையன்களை விங்கிலேயே நிறுத்துகிறார்களே, ஏன்?
– பயிற்சியாளர், உப்பளம்

வெளிநாட்டு வீரர்களுக்கு இத்தனை இடம்தான் என்று வரம்பு உண்டு. அந்த விலையுயர்ந்த இடங்களை ஸ்ட்ரைக்கருக்கும் நடு ஆட்டக்காரருக்கும் ஸ்டாப்பருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். முதுகெலும்பு இறக்குமதி, கைகால் உள்ளூர். அதனால் நமக்கு விங்கர்கள் விளைகிறார்கள், ஸ்ட்ரைக்கர்கள் விளையவில்லை. இது எனக்குக் கோபம் தரும் விஷயம். சிரிக்க மாட்டேன்.

காயம் பட்ட விங்கர் பழைய வேகத்துக்கு வருவானா?
– பிசியோதெரபி மாணவர், கதிர்காமம்

கன்னியாகுமரிக் கடற்கரை இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜைக் கேளுங்கள். 2019-20 பருவத்தில் ஏடிகே அணியோடு சாம்பியன். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம், 2020 நவம்பர் 20. கால் மணி நேரத்துக்குள் முழங்கால் போய் வெளியேறினார். பருவமே போயிற்று. மறுபடி மைதானத்துக்கு வந்தார், வெவ்வேறு கிளப்களில் ஆடினார். வேகம் எவ்வளவு திரும்பியது என்று அளக்க ஸ்டாப்வாட்ச் வேண்டும். திரும்பி வந்ததை அளக்க நெஞ்சு வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது.

என் பையனுக்கு 13 வயது. கால் கொஞ்சம் வளைவு. விங்கராக முடியுமா?
– தாய், கருவடிக்குப்பம்

அம்மா, பிரேசிலின் கரிஞ்சாவுக்கு இரண்டு காலும் வளைவு, ஒரு கால் மற்றதைவிடக் குட்டை. 1958, 1962 இரண்டு உலகக் கோப்பை. அவரும் பெலேயும் சேர்ந்து ஆடிய ஆட்டத்தில் பிரேசில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. எதற்கும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவர் சரி என்றால் பந்தைக் கொடுத்து வெளியே அனுப்புங்கள், இருட்டும்வரை கூப்பிடாதீர்கள்.

புதுப் பையன் தப்பு செய்தால் கேலரியில் கத்தலாமா?
– ரசிகர், உப்பளம்

ரெஃபரியைப் பார்த்துக் கத்துங்கள், அவருக்குப் பழக்கம். பையன் ஓரத்தில்தான் நிற்கிறான், நீங்கள் சொல்வது ஒவ்வொன்றும் அவன் காதில் விழும். நடுக்களத்துக்காரனுக்கு இந்தத் தண்டனை கிடையாது.

கடைசியாக, எங்கள் புது விங்கருக்குப் பத்துக்கு எத்தனை மார்க்? சுற்றி வளைக்காமல் சொல்லவும்.
– மீண்டும் அந்தக் கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

இதுவரை எத்தனை நிமிடம் ஆடியிருக்கிறான்? இரண்டு ஆட்டம், அதுவும் பாதியில் மாற்றி எடுத்திருப்பார்கள். 900 நிமிடம் ஆடவிட்டு எழுதுங்கள், தசமப் புள்ளி வைத்து மார்க் போட்டுத் தருகிறேன். இன்றைக்கு அவன் ஜெர்சி நம்பரை மட்டும் குறித்துக்கொள்கிறேன். அனுப்புங்கள்.