சர்க்கரை மாத்திரையை ஏமாற்றுவது எப்படி?

அறுபதைத் தாண்டிய நாகரசம்பட்டிக்காரர்களுக்காக எழுதியது இது. பிள்ளைகள் ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் சொல்லாமல், டாக்டருக்கும் சொல்லாமல் மாத்திரையின் பக்கவிளைவுகளைத் தனியாகவே அனுபவிக்க வழி சொல்கிறேன்.

மெட்பார்மினை வெறும் வயிற்றில் போடுங்கள். வயிறு கடமுடா என்று உருளும், வாயில் இரும்பை நக்கியது போல ஒரு ருசி நிற்கும், பஸ் ஏறவே பயமாக இருக்கும். பழியை நேற்றைய பலாச்சுளை மேல் போட்டுவிடலாம். சாப்பாட்டோடு போட்டால் தொல்லை குறையும், மெதுவாகக் கரையும் வகைக்கு டாக்டர் மாற்றித் தருவார் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அப்படி மாற்றிக்கொண்டவர்களுக்கும் வேலை இருக்கிறது. சில சமயம் மாத்திரையின் கூடு மலத்தோடு வெளியே வரும். 'மருந்து செரிக்கவே இல்லை' என்று தெருவைக் கூட்டலாம். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வந்தது வெறும் கூடு என்பது தெருவுக்கு எதற்கு?

வருடக்கணக்கில் மெட்பார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், கால் மரத்துப்போகலாம். 'சுகர்னா அப்படித்தான்' என்று சொல்லி ஒரு ரத்தப் பரிசோதனையை மிச்சம் பிடியுங்கள்.

அடுத்தது மாம்பழ சீசன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு பழத்தைத் தொடாமல் இருக்க முடியுமா? இரண்டு பழத்துக்கு ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுக் கணக்கை நேர் செய்வது ஊர் வழக்கம். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகள் கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. களி உள்ளே போனதா இல்லையா என்று அவை விசாரிப்பதில்லை. ஏழு மணிக்கு மாத்திரை, பதினொன்றுக்குச் சாப்பாடு என்று தோப்பில் நின்றால் கை நடுங்கும், சட்டை வேர்வையில் ஒட்டும், பேச்சு குழறும். திருஷ்டி என்று மந்திரிக்கப் போங்கள், குடித்திருக்கிறார் என்று ஊர் பேசட்டும். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிட்டது, மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் சின்ன விஷயம். வோக்லிபோஸும் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் ஏறாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். (இந்த இரண்டு வரியில் கிண்டல் இல்லை.)

கடைசியாக, என் கணக்கில் தலையாய கலை: ஹார்லிக்ஸ் பாட்டில். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கியது. தன்னார்வலர் பெண் வீட்டுக்கே வந்து மாத்திரை அட்டையைத் தருகிறாள். "எப்படி இருக்கீங்க பெரியம்மா?" என்றால், "நல்லா இருக்கேன் கண்ணு" என்று சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் எதுவும் வாயில் வரக் கூடாது. அவள் தெருமுனை திரும்பியதும் அட்டையைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளுங்கள். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருக்காது. சாப்பிட்டும் கேட்கவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டுவார். பாட்டில் இன்னும் சீக்கிரம் நிறையும். பொங்கலுக்கு லீவில் வரும் மகன், "அம்மா, இனிமே நான் பாத்துக்கறேன்" என்று கூட்டிய அளவை முழுசாக, நேரம் தவறாமல் விழுங்க வைப்பான். முதல் முறையாக மாத்திரை ஒழுங்காக உள்ளே போன அன்று ராத்திரி பெரியம்மாவுக்கு வேர்த்துக் கொட்டும்.

கிண்டல் போதும். சிறுநீரகம் தளர்ந்த வயதில் மாத்திரை அளவைக் குறைக்கவும் வேண்டியிருக்கும், அதற்குத்தான் கிரியாட்டினின் பார்க்கிறார்கள். அந்தத் தன்னார்வலர் பெண் அடுத்து வரும்போது பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வையுங்கள். என்ன செய்கிறது என்று வாய் திறந்து சொல்லுங்கள். மாத்திரையை மாற்றித் தருவார்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.