சாரண ஆசிரியப் பெருந்தகைக்கு வாசித்தளித்த வாழ்த்துமடல்

எங்கள் பள்ளிச் சாரணர் படையைப் 11 ஆண்டுகளாகத் தம் தோளிலேயே சுமந்து, எந்தச் சிறுவனின் தோளுக்கும் ஒரு கணமேனும் இறக்கி வைக்காத பெருந்தகையீர்! தன்னார்வத் தொண்டின் தனிப்பெருஞ்சுடரே! விசிலொலியால் வையம் ஆளும் வேந்தே! தங்கள் புகழை உரைக்க இந்தச் சட்டம் போட்ட காகிதம் போதாது. ஆயினும் அன்பு எங்களை வற்புறுத்துகிறது.

இந்த இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் பிரபுவை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. பாவம், அவருக்குத் தங்களைப் போன்ற ஒரு வழிகாட்டி வாய்க்கவில்லை. மாஃபெகிங் நகரை எதிரிகள் 217 நாள் முற்றுகையிட்டிருந்தபோது, கடிதமும் செய்தியும் கொண்டுபோகும் வேலையைச் சிறுவர்களை நம்பிக் கொடுத்தவர் அவர். பிறகு 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவுக்குச் சுமார் 20 பையன்களை அழைத்துப் போனார். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனையே தலைவனாக்கினார். பீரங்கி முழங்கும் ஊரிலேயே சிறுவர்களை நம்பிவிட்ட அந்தத் தளபதிக்கு, பள்ளி மைதானத்தில்கூட அவர்களை நம்பலாகாது என்னும் நுட்பம் கடைசிவரை புலப்படவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே தாங்கள் அவதரித்தீர்கள்.

சென்ற ஆண்டு முகாமை நினைத்தால் எங்கள் மெய் சிலிர்க்கிறது. மூங்கிலும் கயிறும் வந்திறங்கின. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் நாக்கைக் கடித்துக்கொண்டு கிளோவ் ஹிட்ச் முடிச்சுப் போட்டான். கழி நழுவியது. மறுபடி போட்டான், மறுபடியும் நழுவியது. மூன்றாம் முறை அவன் விரல்கள் சரியான பக்கமாகத் திரும்பும் நேரத்தில், தங்கள் தாயுள்ளம் தாங்கவில்லை. கயிற்றை அவன் கையிலிருந்து வாங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் தாங்களே முடிந்துவிட்டீர்கள். என்ன முடிச்சு ஐயா அது! இன்றுவரை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. எஞ்சிய கூடாரங்களுக்குப் பொழுது போதாது என்று பந்தல்காரரை வரவழைத்தீர்கள். அவருடைய ஆட்கள் அரை மணியில் கூடாரம் எழுப்ப, பிள்ளைகள் வேப்பமர நிழலில் வரிசையாக நின்று சாரணர் முறைப்படி கைதட்டினார்கள். சமையலும் அப்படியே. அணிக்கு ஓர் அடுப்பு மூட்டினால் கண்ணில் புகை படுமே என்று உருகி, ஓட்டலிலிருந்து சாம்பார் சாதப் பொட்டலம் தருவித்தீர்கள். இரவு கேம்ப் ஃபயருக்கும் தங்கள் திருக்கரமே மண்ணெண்ணெய் ஊற்றித் தீக்குச்சி கிழித்தது. பிள்ளைகள் பத்திரமாகத் தூரத்தில் அமர்ந்து ஒளியை மட்டும் பெற்றுக்கொண்டார்கள்.

ஒழுக்கம் வளர்த்த திறத்துக்கு ஈடேது! சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வந்தருளிய அந்த விழாவில், எட்டு மணிக்கே பிள்ளைகளை வெயிலில் நிறுத்தினீர்கள். பத்து மணி வாக்கில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சுருண்டு விழுந்தான். அவனுக்கு இருபுறமும் நின்றவர்கள் யார்? முதலுதவிச் சின்னம் பெற்று, அதைச் சட்டைக் கையில் தைத்திருந்தவர்கள். ஆனாலும் தங்கள் விசில் ஒலிக்கும்வரை ஒருவனும் குனியவில்லை. தாங்களோ வாயிலில் ஆரத்தித் தட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தீர்கள். இத்தகைய கட்டுப்பாடு எந்தப் படைக்கு வாய்க்கும்? விழுந்தவனை ஒரு வாட்ச்மேன் தூக்கிச் சென்றார். அவருக்குச் சாரணப் பயிற்சி இல்லை, ஆகவே அவசரப்பட்டுவிட்டார்.

அணித்தலைவர்கள் கூடித் தாமே முடிவெடுக்கும் கோர்ட் ஆஃப் ஆனர் என்னும் சபையையும் தாங்கள் விடாமல் நடத்திவருகிறீர்கள். தாங்கள் முடிவைச் சொல்வீர்கள். அவர்கள் மினிட் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். பதிவேடுகளும் ஆண்டுதோறும் ஒரே வாசகத்தில், ஒரே எழுத்துப்பிழையோடு மரபு காக்கின்றன.

தொண்டு செய்ய வரும் பிற பெரியவர்களுக்குத் தாங்கள் பொறுப்புப் பகிர்ந்தளிக்கும் பாங்கு தனியே போற்றத்தக்கது. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் ஒரு தாய், கட்டுப்போடக் கற்றுத் தருகிறேன் என்று வந்தார். அவர் கைத்திறனை உணர்ந்து, பூங்கொத்துக்கு ரிப்பன் கட்டும் பணியை வழங்கினீர்கள். நம் படையிலேயே வளர்ந்த ஓர் இளைஞர் சனிக்கிழமைதோறும் வந்தார். பையன்களிடம் வரைபடத்தைக் கொடுத்துவிட்டுத் தாம் பத்தடி பின்னால் நடப்பார். அவர்கள் வழி தவறினாலும் வாய் திறக்க மாட்டார். ஒரு நாள் குளத்தங்கரைவரை போய்த் தவறை உணர்ந்து, தமக்குள் வாதாடி, தாமாகவே திரும்பி வந்த பையன்களின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதைக் கண்டு தாங்கள் பதறியது நியாயம். அவருக்கு நாற்காலிக் கணக்குப் பொறுப்பை அளித்துக் கௌரவித்தீர்கள். அவர் இப்போது வருவதில்லை. நாற்காலிகள் சரியாக இருக்கின்றன.

நேற்று மாலை இந்தப் பாராட்டு விழாவுக்காகப் பேனர் கட்டினோம். காற்றில் ஒரு முனை அவிழ்ந்து, தங்கள் திருவுருவப் படத்தின் மேலேயே மடிந்து தொங்கியது. கீழே விருதுபெற்ற சாரணர் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். கயிறு அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. எட்டுப் பேரும் ஒருசேரத் திரும்பித் தங்களையே பார்த்தார்கள். தாங்கள் புன்முறுவலோடு ஸ்டூல் போட்டு ஏறி, தங்கள் பேனரைத் தாங்களே இழுத்துக் கட்டினீர்கள். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.